பிரதி நடந்த தூரம்

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஆவுடையப்பனின் கைப்பேசிக்கு அரசாங்கத்திடமிருந்து ஒரு செய்தி வரும். 'உங்கள் பிரதி இம்மாதமும் நலமாக உள்ளது. நாள்தோறும் ஆறு கிலோமீட்டர் நடந்தது. மாத்திரைகளைத் தவறவிடவில்லை. இனிப்பு உண்ணவில்லை. எதிர்பார்க்கப்படும் மருத்துவச் செலவு மிகக் குறைவு.' பாளையங்கோட்டைப் பெருமாள்புரத்து வீட்டின் முன்னறையில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிள்ளையின் தேர்வு முடிவைப் படிக்கும் தகப்பனின் பெருமிதத்தோடு அதை அவர் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்.

"கேட்டியாளா? இந்த மாசமும் ஒரு நாள் விடலை."

"ஆரு?"

"எம் பிரதிதான். வேற ஆரு?"

காந்திமதி கீரை ஆய்வதை நிறுத்தமாட்டாள். "அவராவது நடக்காரே" என்பாள். அந்த ஒற்றை வாக்கியத்துக்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதிலிருந்த 'ஆவது' என்ற சொல்லையும் யாரும் கவனித்ததில்லை.

பிரதியை உருவாக்கியவன் அவர்களுடைய ஒரே மகன் நல்லசிவன். சென்னையில், முதியோர் நலக் காப்பீட்டுக் கட்டண நிர்ணய இயக்ககத்தில் அவன் இணை இயக்குநர். அவன் பொறுப்பேற்றபோது இருந்த ஏற்பாடு, எழுத்தில் பார்த்தால், நியாயமானதுதான். அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் ஏதேனும் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். அவருக்காக அரசு அந்நிறுவனத்துக்கு மாதந்தோறும் ஒரு கட்டணம் செலுத்தும். நோய் மிகுந்தவருக்குக் கட்டணமும் மிகும். நோயாளிகளை நிறுவனங்கள் தட்டிக்கழித்துவிடக் கூடாதே என்ற கருணையில் பிறந்த ஏற்பாடு அது. ஆனால் யாருக்கு என்ன நோய் என்று அரசுக்கு அறிவிக்கும் பொறுப்பும் நிறுவனங்களிடமே இருந்தது. விளைவாக, மாநிலத்தின் முதியவர்கள் அனைவரும் கோப்புகளில் படுத்த படுக்கையானார்கள். காலையில் இறகுப்பந்து ஆடிவிட்டு வந்தவர், மாலைக்குள் இதயச் செயலிழப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவராகப் பதிவாகியிருந்தார். உண்மையாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிகிச்சைக்குப் போனவரிடம் மட்டும், "உங்களுக்கு ஒன்றுமில்லை, வாயுவாக இருக்கும்" என்றார்கள்.

நல்லசிவன் கேட்ட கேள்வி எளியது. நோயை நிறுவனத்திடம் கேட்பதற்குப் பதிலாக, வாழ்க்கையை முதியவரிடமே கேட்டால் என்ன? என்ன உண்கிறார், எப்போது உறங்குகிறார், எவ்வளவு நடக்கிறார், எந்த மாத்திரையை எப்போது விழுங்குகிறார் என்று அவர் சொல்வதைக் கொண்டு கணினிக்குள் அவரைப் போலவே ஒருவரை வாழவைக்கலாம். அந்தப் பிரதி கணினிக்குள் முதுமையடையும், நோயுறும், உரிய நேரத்தில் உரிய சிகிச்சை பெறும். அதற்கு எவ்வளவு செலவாகிறதோ, அதுவே அசலுக்கான கட்டணம். நிறுவனத்தின் விரல் அதில் படவே முடியாது.

கையில் பட்டை கட்டி அளக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். முதியவரை அவர் வீட்டுக்குள் வேவு பார்ப்பது தகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கேட்பது ஒன்றே வழி. கேட்பதற்கும் நல்லசிவன் ஒரு விதி எழுதினான்: 'பெரியவர் ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்கக் கூடாது.' முந்தைய கணக்கெடுப்புகளில், "நெஜமாவா ஐயா?" என்று கேட்ட ஊழியர்கள் பல வீடுகளிலிருந்து காப்பி குடிக்காமல் வெளியேற வேண்டியிருந்தது.

முதல் சோதனை அவன் தந்தையிடமே நடந்தது. ஆவுடையப்பன் நெடுஞ்சாலைத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; தூரங்களைப் பற்றி அவர் பேசினால் எதிரே இருப்பவர் தலையாட்டத்தான் முடியும். மகன் பக்கத்தில் நிற்க, மனைவி காப்பித் தட்டோடு நிற்க, அவர் தம் விடியற்கால நடையை விவரித்தார். வீட்டிலிருந்து மைதானம், மைதானத்தைச் சுற்றி மூன்று சுற்று, திரும்பி வீடு. பேச்சின் முடிவில் தம் காலணியைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார்.

"இதப் பாருங்க. எம் மவன் வாங்கிக் குடுத்து நாலு வருசம் ஆச்சு. ஒரு நாள் விடாம போட்டு நடக்கேன். அடிப்பாகம் தேஞ்சிருக்கா? நல்ல கம்பெனி."

கணக்கெடுக்க வந்தவர் வியந்தார். நல்லசிவனுக்குத் தான் தேர்ந்தெடுத்த காலணியைப் பற்றிக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. முதியவர்கள் தம் பழக்கவழக்கங்களைப் பற்றிச் சொல்வதை முழுமையாக நம்பலாம் என்ற அனுமானத்தை அன்று மாலையே எழுதி முடித்தான். திட்டம் முழுவதும் அந்த அனுமானத்தின் மீது எழுந்து நின்றது.

திட்டம் பெருவெற்றி பெற்றது. விருந்தாளியின் முன்னால் யார்தான் தம் வீட்டுக் குறையைச் சொல்வார்கள்? மாநிலம் முழுவதும் முதியவர்கள் உப்பைக் குறைத்திருந்தார்கள், சர்க்கரையை மறந்திருந்தார்கள், கோழி கூவும் முன் எழுந்து நடந்தார்கள். கணினிக்குள் ஞானிகளின் தேசம் ஒன்று உருவாயிற்று. கட்டணங்கள் சரிந்தன, கருவூலம் மகிழ்ந்தது, பிற மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள்.

நிறுவனங்கள் மட்டும் முனகின. சிகிச்சையை மறுக்கச் சட்டம் அவற்றை அனுமதிக்கவில்லை, தாமதிப்பதைத் தடுக்கவில்லை. எவருக்குக் கட்டணம் குறைவோ அவர் வரிசையில் பின்னால் போனார். முணுமுணுப்பு முற்றவே, 'திருத்த வாக்குமூலம்' என்றொரு வழி திறக்கப்பட்டது: முன்பு சொல்ல மறந்த தீய பழக்கங்களை முதியவர் பின்னர் அறிவிக்கலாம். அவ்வளவுதான். முன்பு நோய்களைப் புனைந்த நிறுவனங்கள் இப்போது பாவங்களைப் புனையத் தொடங்கின. வெற்றிலைகூடப் போடாத ஓதுவார்கள் சாராயம் குடித்ததாக ஒப்புக்கொண்டார்கள். நல்லசிவன் இரண்டாவது சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தான். பொய்யர்கள் விவரம் சொல்லத் தயங்குவார்கள் என்பது அவன் எண்ணம். எனவே வாக்குமூலத்தில் எவ்வளவு நுண்விவரம் உள்ளதோ அவ்வளவுக்கு நம்பகம் என்று கணினிக்குக் கற்பித்தான். அதற்கும் மேலாக, எல்லோரும் சற்று மிகைப்படுத்தவே செய்வார்கள் என்று கருதி, எல்லா வாக்குமூலங்களிலிருந்தும் ஒரே அளவைக் கழித்தான்.

நிறுவனங்கள் தமிழ் இலக்கியம் படித்தவர்களை வேலைக்கு எடுத்தன.

*

காந்திமதி தொலைபேசியில் அழைத்தபோது நல்லசிவன் ஒரு பாராட்டுக் கூட்டத்தில் இருந்தான்.

"எய்யா, அப்பாக்கு மூச்சு வாங்குது. மாடிப்படி ஏற முடியல. டாக்டர் இதயத்துல வால்வு சுருங்கிப்போச்சுங்கார். மழை தொடங்குமுன்ன மாத்திரணுமாம். இல்லன்னா..." அவள் முடிக்கவில்லை. "கம்பெனிக்காரன் வரிசைல பேரு போட்டிருக்கானாம். வரிசை எப்ப வரும்னு கேட்டா, தை மாசத்துக்கு மேலங்கான்."

தன் பணத்தில் செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் திட்டத்தில் சேர்ந்தவரிடம் தனியாகப் பணம் வாங்கும் மருத்துவமனையின் உரிமம் பறிக்கப்படும். செலவை நிறுவனங்கள் குடும்பங்களின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று அந்த விதியை எழுதியவன் அவன்தான். தந்தையின் கட்டண எண்ணைத் தானே மாற்றலாமா என்றும் ஒரு கணம் நினைத்தான். அதிகாரிகள் தம் உறவினரின் கோப்பைத் தொட முடியாதபடி கணினியைப் பூட்டியவனும் அவன்தான். அன்றிரவே ரயிலைப் பிடித்து மறுநாள் காலை பாளையங்கோட்டை வந்து சேர்ந்தான்.

முன்னறையில் தந்தைக்கு எதிரே இளம்பெண் ஒருத்தி அமர்ந்திருந்தாள். எஸ்தர் ஜெபக்கனி, திருத்த வாக்குமூலம் எழுத உதவும் காப்பீட்டு நிறுவனத்தின் 'வாழ்வுரை உதவியாளர்' என்று அறிமுகம் செய்துகொண்டாள்.

"ஐயா தப்பா எடுத்துக்கிடக் கூடாது," என்று அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "உங்க பிரதி ரொம்ப நல்லவரு. அதான் பிரச்சனை."

"நல்லவனா இருக்கது பிரச்சனையா? நல்லாருக்கே நியாயம்!"

"உங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வேணும் ஐயா. சின்னதா ஒண்ணு இருந்தாலும் போதும். மிச்சத்த நான் வளத்துக்கிடுதேன்."

"எங்கிட்ட ஒண்ணும் கெடையாது."

"பீடி?"

"சீ."

"சின்ன வயசுல, ஒரே ஒரு தடவ, தோப்புல..."

"ஏம்மா, நீ என்ன படிச்சிருக்க?"

"தமிழ் எம்.ஏ., எம்.ஃபில். நவீனப் புனைகதைல தன்வரலாற்றுக் கூறுகள்."

"அதப் படிச்சிட்டா இந்தச் சோலிக்கு வந்த?"

"அதப் படிச்சதுக்கு இது ஒண்ணுதான் ஐயா வேலை குடுத்துச்சு."

ஆவுடையப்பன் மூச்சை இழுத்துப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தா நிக்கான் பாரு, எம் மவன். இந்தக் கணக்கையே போட்டவன் அவன்தான். அவன் முன்னாடி என்னையப் பொய் சொல்லச் சொல்லுதியே, கூச்சமா இல்ல?"

எஸ்தர் சட்டென்று எழுந்துவிட்டாள். "சார், நீங்கதானா அது? எங்க செட்ல பதினோரு பேருக்கு நீங்க வேலை வாங்கிக் குடுத்திருக்கீங்க. எங்க ஹெச்.ஓ.டி.யால முடியல!" அவள் குரலில் கேலி இல்லை என்பதுதான் நல்லசிவனுக்கு மிகவும் வலித்தது.

அவளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு அவன் அடுக்களைக்குள் போனான். காந்திமதி முதுகைத் திருப்பிக்கொண்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குப் புரியல. தினமும் இம்புட்டு நடக்கிற மனுஷனுக்கு எப்படி..."

"நடக்கலய்யா."

"என்னது?"

"ஒரு நாளும் நடக்கலை. தெக்கு முக்குல டீக்கடை இருக்குல்லா, அது வரைக்கும் போவாவ. பெஞ்சில ஒரு மணி நேரம் உலகத்த அளப்பாவ. ரெண்டு உளுந்தவடை, ஒரு துண்டு அல்வா. வரும்போது குழாயில துண்ட நனைச்சு தோள்ல போட்டுக்கிட்டு, வேர்த்துக் கொட்டுன மாதிரி வருவாவ."

நல்லசிவனுக்குத் தேயாத காலணி நினைவுக்கு வந்தது. "மாத்திரை?"

"கொல்லைல முருங்கை நிக்கில்லா, அது தூர்ல. பிரஷர் மாத்திரை பூராத்தையும் அதுதான் தின்னுச்சு. பாரு, எம்புட்டு அமைதியா நிக்கி!"

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அன்னைக்கே ஏம்மா சொல்லல? கேக்க வந்தப்ப நீயும் பக்கத்துலதானே நின்ன?"

"வந்தவங்க முன்னாடி கட்டுன புருசன எப்படிய்யா விட்டுக்குடுக்க? அதுலயும் நீ வேற, அப்பா பேசுறதப் பாத்து முகமெல்லாம் சிரிப்பா நிக்க." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஆளு ஒரே ஒரு வாட்டி என் பக்கம் திரும்பி, 'அப்படியாம்மா'ன்னு கேட்டிருந்தா என் வாய்ல வந்திருக்கும். அவரு கேக்கவே இல்லையே."

அவர் கேட்டிருக்க முடியாது. விதி அப்படி.

*

மறுநாள் ஆவுடையப்பன் உண்மையைச் சொல்ல ஒப்புக்கொண்டார். மகனின் முகத்தைப் பார்க்காமல், சன்னலுக்கு வெளியே முருங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் நடக்கலை. மாத்திரை போடலை. கடைல பலகாரம் சாப்பிட்டேன். எழுதிக்கோ."

எஸ்தர் பேனாவை உயர்த்தியபடியே காத்திருந்தாள். "அப்புறம் ஐயா?"

"அப்புறம் என்ன? அம்புட்டுத்தான்."

"எந்த அல்வான்னாவது சொல்லுங்க. மொத நாள் மாத்திரையத் தூக்கிப் போட்டப்ப மனசு எப்படி இருந்துச்சு? போராட்டம் ஏதாவது?"

"என்ன போராட்டம்? கசந்துச்சு, போட்டேன்."

அவள் நல்லசிவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "நெசம் எப்பவும் இப்படித்தான் சார். ரெண்டு வரில முடிஞ்சிரும்."

இருந்தாலும் அனுப்பிவைத்தார்கள். மாலைக்குள் பதில் வந்தது. வாக்குமூலத்தில் விவரம் போதவில்லை. முதல் கூற்றோடு முரண்படுகிறது. முதல் கூற்று முழு நம்பகம் பெற்றது. கிடைத்த அற்ப மதிப்பிலிருந்து எல்லோருக்குமான கழிவைக் கழித்தபோது மீதி எதுவும் இல்லை. ஆவுடையப்பன் தம் வாழ்நாளில் ஆற அமர யோசித்துச் சொன்ன ஒரே உண்மையை, அவருடைய மகனின் கணினி பொய் என்று தள்ளிவிட்டது. அவருடைய பிரதி அன்றும் ஆறு கிலோமீட்டர் நடந்தது.

அந்த வாரத்தில் இரண்டு முறை ஆவுடையப்பனுக்கு மூச்சு முட்டியது. இரண்டாவது முறை உதடு நீலம் பாய்ந்தது. மேற்கே பொதிகை மலைப்பக்கம் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. நல்லசிவன் எஸ்தரைத் தொலைபேசியில் அழைத்தான். 

"நீங்க எழுதுறதா சொன்னீங்களே, அந்த... அத எழுதிக் குடுங்க."

"சார், நீங்களா கேக்கீங்க?"

"நான்தான் கேக்கேன்."

அவள் இரண்டு நாளில் எழுதிக்கொண்டு வந்தாள். பதினான்கு பக்கம். செங்கோட்டை மலைப்பாதையில் சாலை போட்ட காலம், விடாத சாரல், குளிருக்கு இதமாக ஒப்பந்தக்காரர் நீட்டிய முதல் கோப்பை, அதன்பின் முப்பது ஆண்டு மறைவுக் குடியும் பீடியும். ஆவுடையப்பன் முதல் பக்கத்திலேயே கையை ஓங்கிவிட்டார்.

"செத்தாலும் சாவேனே தவிர இந்தப் பொய்ய எம் பேருல சொல்ல மாட்டேன்!"

"இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எந்தக் கணக்குல வருதாம்?" என்று காந்திமதி நடைவாசலில் நின்று கேட்டாள். அவர் கை இறங்கியது.

எஸ்தர் தொடர்ந்து படித்தாள். நல்ல குரல் அவளுக்கு. மழை பெய்வது காதில் கேட்டது. ஐந்தாம் பக்கத்தில் மேற்பார்வையாளர் தம் குப்பியை அளவைச் சங்கிலிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார்.

"நிறுத்து," என்றார் ஆவுடையப்பன். "சங்கிலிப் பெட்டில குப்பி கொள்ளாது. கோட்டிக்காரன்தான் அங்க வைப்பான். தார் பீப்பாய்க்குப் பின்னால வைக்கணும். அங்கன்னா எஞ்சினியர் வரமாட்டான், சட்டையில கறை ஆயிரும்லா."

எஸ்தர் மகிழ்ச்சியோடு திருத்திக்கொண்டாள்.

"அந்தக் காண்டிராக்டர் பேரு என்ன போட்டிருக்க? சவத்த, இப்படி ஒரு பேரா? மலையாளத்தான்னு வையி. அந்தப் பக்கத்துல அவங்கதான் எடுப்பாங்க. பீடிய ரோடு ரோலர் சூட்டுல பத்த வச்சேன்னு எழுது. தீப்பெட்டி நமுத்துப்போயிருக்கும்."

பதினான்கு பக்கம் இருபதாயிற்று. மூச்சு வாங்கியபோதெல்லாம் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மீண்டும் தொடங்கினார். உண்மைக்கு இரண்டு வரி மட்டுமே தந்த மனிதருக்குப் பொய் சொல்லச் சொல்ல முகத்தில் ரத்தம் ஊறியது. கதை முடிந்தது. காந்திமதி மெல்ல மகனின் அருகில் வந்தாள்.

"எய்யா, இம்புட்டு விவரமா சொல்லுதாவளே. நெசமா இருக்குமோ?"

அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் அவள் கணவரோடு பேசவில்லை.

அந்த ஆண்டு மாவட்டத்திலேயே மிக உயர்ந்த நம்பகம் பெற்ற வாக்குமூலம் அதுதான். எல்லோருக்குமான கழிவு போகவும் கட்டணம் ஐந்து மடங்கு உயர்ந்தது. நிறுவனத்தின் வரிசையில் ஆவுடையப்பன் முதலிடத்துக்கு வந்தார். மருத்துவமனையிலிருந்து வண்டியே அனுப்பினார்கள். மழை தொடங்குவதற்கு முந்தைய வாரம் அவர் வால்வை மாற்றினார்கள்.

*

வீடு திரும்பிய ஆவுடையப்பன் நடக்கத் தொடங்கினார்.

இம்முறை நிஜமாகவே நடந்தார். முதலில் வாசல் வரை, பிறகு தெற்கு முக்கு வரை, அங்கே பெஞ்சில் இருந்தவர்கள் கூப்பிட்டும் நிற்காமல் மைதானம் வரை. மாத்திரையைக் காந்திமதியின் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். காலணியின் அடிப்பாகம் முதன்முறையாக மண்ணைக் கண்டது.

"என்னப்பா திடீர்னு?" என்று நல்லசிவன் தொலைபேசியில் கேட்டான்.

"அவன் குடிக்கப் போயிட்டாம்லா," என்றார் அவர். "ரெண்டு பேர்ல ஒருத்தனாவது நடக்கணும்ல."

மாதச் செய்திகளின் தொனி மாறியிருந்தது. 'உங்கள் பிரதி இம்மாதம் நடக்கவில்லை.' 'உங்கள் பிரதியின் கல்லீரல் வீங்கியுள்ளது.' 'உங்கள் பிரதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளது.' ஆவுடையப்பன் அவற்றை இப்போது உரக்கப் படிப்பதில்லை. ஒருமுறை மட்டும், "பாவம், நல்லாத்தான் இருந்தான். நாமதான் கெடுத்துட்டோம்," என்றார்.

மாசி மாதத்தில் அந்தச் செய்தி வந்தது. 'உங்கள் பிரதி காலமாயிற்று.'

ஆவுடையப்பன் எழுந்து கொல்லைக்குப் போனார். கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு நின்றார். காந்திமதி பதறிப்போய் வந்தாள்.

"என்னங்க, ஆரு போயிட்டா?"

"நாந்தான்," என்றார்.

பிரதி இறந்தால் என்ன செய்வது என்று திட்டத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: செலவு இல்லை, ஆகவே கட்டணம் இல்லை. ஞானிகளின் தேசத்தில் எந்தப் பிரதியும் நூறு வயதுக்கு முன் இறக்கப்போவதில்லை என்பதால் நல்லசிவன் அதற்கு மேல் எழுதவில்லை. இப்போது பொய்ப் பாவங்களைச் சுமந்த பிரதிகள் மாநிலம் முழுவதும் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன. உயிரோடிருந்த அசல்களுக்கான கட்டணம் நின்றது. மிச்சமான தொகையைக் கண்டு கருவூலம் மீண்டும் மகிழ்ந்தது. நல்லசிவனுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆவுடையப்பனின் புது வால்வுக்கான மாதாந்தரப் பரிசோதனையும் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியும் அந்த வாரமே நிறுத்தப்பட்டன. அந்த ஊசி இல்லாமல் அதிக நாள் போகக் கூடாது என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். விண்ணப்பித்தால் புதுப் பிரதி ஒன்று உருவாக்கித் தரப்படும்; அதற்காக மீண்டும் ஒருவர் வீடு தேடி வந்து கேட்பார்.

நல்லசிவன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். அவன் பையில் மூன்றாவது சீர்திருத்தத்தின் வரைவு இருந்தது. பெரியவர் சொன்னதை மறுமுறை கேட்கலாம். மனைவியைத் தனியே கேட்கலாம். வீட்டில் கண்ணில் படுவதைக் குறித்துக்கொள்ளலாம். நெடுநாள் யோசித்து எழுதியது. அதில் பிழை எதுவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. கையொப்பம் இடுவதுதான் பாக்கி.

கணக்கெடுக்க நடுவயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். காந்திமதி காப்பித் தட்டோடு நின்றாள். நல்லசிவன் வாசலையொட்டிய மரப்பெஞ்சில் அமர்ந்திருந்தான். ஆவுடையப்பன் விடியற்காலை நடையிலிருந்து திரும்பிக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். இந்தச் சில மாதங்களில் அவர் பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார்.

"ஐயா, தினமும் நடப்பீங்களா?"

சன்னலுக்கு வெளியே முருங்கை பூத்திருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க நடக்க?" என்றார். "தெக்கு முக்குல ஒரு டீக்கடை இருக்கு. அது வரைக்கும் போவேன். வழக்கமா ரெண்டு உளுந்தவடை. மேல மொறுமொறுன்னு, உள்ள ஒரு மிளகு கடிபடணும். அப்புறம் அல்வா. வாழை இலைல வச்சுத் தருவான், சூட்டுல இலை கருகி ஒரு வாசம் வரும் பாத்துக்கிடுங்க. பெஞ்சோட கால் ஒண்ணு ஆடும், அதுக்குச் செங்கல் வச்சிருக்கான். திரும்பி வரும்போது குழாயில துண்ட நனைச்சுக்கிடுவேன். எதுக்கா? வீட்ல நம்பணும்லா!"

"மாத்திரை?"

"முருங்கைக்குப் போட்டுருவேன்."

ஒரு காலத்தில் மெய்யாக இருந்து, மெய் என்று யாரும் ஏற்காத அத்தனையையும் அவர் இப்போது பொய்யாக, நுண்விவரத்தோடு, தயங்காமல் சொன்னார். எஸ்தர் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள். பெண்மணி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். காந்திமதி தட்டைப் பிடித்தபடி மகனைப் பார்த்தாள்.

பெண்மணி எழுந்தார். வாசலை நோக்கி நடந்தவரின் பார்வை பெஞ்சருகே இருந்த காலணியின் பக்கம் திரும்பியது. ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. அடிப்பாகம் மழுங்கத் தேய்ந்து, மைதானத்துச் செம்மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு, விதி நினைவுக்கு வந்திருக்க வேண்டும், "வரேன் ஐயா," என்று மட்டும் சொன்னார்.

அவர் செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிவதற்குள், நல்லசிவன் இருந்த இடத்தில் இருந்தபடியே காலை நீட்டி அந்தக் காலணியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். நல்ல கம்பெனிதான். ஆனாலும் தேய்ந்திருந்தது.